எந்தக் கோயிலுங்க?

கண்ணு,

அன்புள்ள என்று தொடங்கி, அடுத்த வார்த்தையிலேயே பேனா நின்றுவிட்டது. எந்தப் பெயரை எழுதுவது? சூசைராஜ் என்று எழுதினால் உனக்குப் பொறுக்காது. யார் கையிலாவது சிக்கினால் காரியம் கெட்டுப்போகும் என்பாய். சுந்தரராஜ் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கெஜட்டில் பெயர் மாற்றிவிட்டு வந்த அன்று, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "எஸ்ஸு எஸ்ஸாவேதாம்மா இருக்குது, கையெழுத்துக்கூட மாறாது" என்றாய். முப்பது பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதப் பழக்கியவளிடம் வந்து எழுத்துக் கணக்குச் சொல்கிறாயே என்று சிரித்துவிட்டேன். சிரித்ததைப் பார்த்து நான் சம்மதித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாய். சரி, அது கிடக்கட்டும். கண்ணு என்று கூப்பிட எந்த ஆபீசிலும் மனுப் போட வேண்டியதில்லை.

போன ஞாயிறு நீ வந்து பேசியதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. நீ பேசப் பேச நான் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தேன். உனக்குக் கோபம் வந்து, சாப்பிடாமலேயே திருப்பூர் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாய். பதில் இல்லாமல் இல்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் பாதியில் உடைந்துவிடுவேன், அல்லது கத்திவிடுவேன். என் வாய் உனக்குத் தெரியும். எழுதினால் நிதானம் வரும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை யார் படித்தாலும் எனக்குப் பயமில்லை. இதில் பொய் எதுவும் எழுதப்போவதில்லை.

நீ கேட்டது எனக்கு நன்றாகவே புரிகிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் எத்தனை காலம் சாயம் கலந்துகொண்டிருப்பாய்? வேதியியல் படித்ததற்கு அந்த வேலைதான் கிடைத்தது என்று நீ போனபோது, ஒரு வருடம் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். இப்போது உன் கையைப் பார்த்தால் நகக்கண்ணில் நீலம் போவதே இல்லை. சோறு பிசையும்போது நீயே அதைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்க்கிறாய். சர்க்கார் வேலைக்கு எழுதினாய், மார்க்கும் வந்தது. அந்த மார்க்குக்கு எஸ்.சி. என்றால் வேலை நிச்சயம், பி.சி. என்றால் பட்டியலில் பேரே வராது. பி.சி.க்கு வயதும் இந்தத் தடவையோடு முடிகிறது. காலனியில் நம் வீட்டுக்குப் பக்கத்துச் சுவர்க்காரன், உன் அப்பாவின் சொந்தச் சித்தப்பா பேரன், எஸ்.சி. நீ பி.சி. ஏனென்றால் உன் தாத்தா ஞானஸ்நானம் வாங்கினார். மாரியம்மன் கோயிலில் சடங்கு செய்து நீ திரும்பி வந்துவிட்டாய். நம் சாதியார் சேர்த்துக்கொண்டார்கள் என்று உன் ரங்கன் சித்தப்பா ஊர்த்தலைவராக எழுதியும் கொடுத்தார். இனி தாலுகா ஆபீஸ் விசாரித்து, ஆமாம், இவன் உண்மையாகவே மாறிவிட்டான் என்று எஸ்.சி. சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். அதைத்தான் நான் கெடுத்தேன்.

கெடுத்தேன் என்று நீ சொல்கிறாய். நடந்ததை முழுதாக நீ கேட்கவே இல்லை. இப்போது கேள். அவர் வந்தது பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்கு வந்த நேரம். வாசலில் நின்று, "டீச்சருங்க, உள்ள வரலாமுங்களா?" என்றார். நான் பதறிப்போய் வாங்க என்றேன். செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். நம் வீட்டு நாற்காலியில் துண்டு போட்டுத் துடைக்காமல் உட்கார்ந்தார். "குடிக்கத் தண்ணி கொஞ்சம் குடுங்க" என்று கேட்டார். நான் சொம்பையும் டம்ளரையும் கழுவிக் கொண்டுவந்து வைத்தேன். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை கண்ணு. வாய் வைத்துக் குடித்தார். இந்த வீட்டுக்கு வந்த எந்தச் சர்க்கார் ஆளும் தண்ணீர் கேட்டதில்லை; ஓட்டுக் கணக்கு எடுக்க வருகிறவர்கூட வாசலில் நின்றே நம் பெயரைச் சரிபார்த்துக்கொண்டு போவார். இவர் வாய் வைத்துக் குடித்துவிட்டு, "தண்ணி ருசியா இருக்குதுங்க டீச்சர், கெணத்துத் தண்ணிங்களா?" என்று வேறு கேட்டார்.

நீ சொல்லிக்கொடுத்தபடிதான் தயாராக இருந்தேன். இயேசுவின் திருஇருதயப் படத்தை நீயே கழற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தாய். முதல் கேள்வி, "ஊட்டுல பூசையெல்லாம் உண்டுங்களா?" உண்டுங்க என்றேன். அதற்கு அடுத்து, "பையனுக்குச் சின்னதுல மொட்டை அடிச்சீங்களா?" அடிச்சமுங்க என்றேன். வேளாங்கண்ணியிலா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "திருவிழாவுக்கு வரி குடுக்கறீங்களா?" வருசம் தவறாமக் குடுக்கறமுங்க என்றேன். எல்லாமே உண்மை, எல்லாவற்றையும் உனக்குச் சாதகமாகவே எழுதிக்கொண்டார். நம் வார்த்தையும் அவர்கள் வார்த்தையும் ஒன்றுதானே. சாமி என்றாலும் ஒன்று, பூசை என்றாலும் ஒன்று, தேர் என்றாலும் ஒன்று. பொய் சொல்லாமலேயே தப்பித்துவிடலாம் போலிருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம்கூட வந்துவிட்டது. அதன் பிறகுதான் அவர் கேட்டார்: "பையன் கோயிலுக்கெல்லாம் ஒழுங்காப் போறாருங்களா?"

போறான் என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமல்லவா? "அதெல்லாம் ஞாயித்துக்கெழமை ஒண்ணு தப்பாதுங்க." பிள்ளையைப் பற்றி ஒரு பெரிய மனிதர் மரியாதையாகக் கேட்கிறார். எந்தத் தாய் ஒரு வார்த்தையோடு நிறுத்துவாள்? மதிப்பெண் கேட்டால் முதல் மாணவன் என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டேன். பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. இன்னும் தாழ்ந்த குரலில், "டீச்சருங்க, எந்தக் கோயிலுங்க?" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார் அந்த மனிதர். அது எனக்குத் தெரியும். மாரியம்மன் கோயில் என்று சொன்னால் எழுதிக்கொண்டு எழுந்து போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மனுக்குப் போகக்கூடாதா என்ன? வேறு யாராவது, அதிகாரமாக வாசலில் நின்று மிரட்டுகிற ஆளாக இருந்திருந்தால், கூசாமல் பொய் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். மிரட்டுகிறவனிடம் பொய் சொல்வது எனக்குப் பழக்கம்தான். என் டம்ளரில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்த மனிதரிடம் சொல்ல முடியவில்லை. "எங்களுக்குக் கோயிலுன்னா ஒண்ணுதானுங்களே" என்றேன். "சரிங்க டீச்சர். நீங்க சொன்னதத்தான் நான் எழுதோணும். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "வாரனுங்க" என்று போனார். நிராகரித்த தாள் உன் கைக்கு வந்தது.

"வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டயா? உனக்கு உன் சாமிதான் பெருசு" என்று நீ கேட்டாய். சாமிக்காகச் சொல்லவில்லை கண்ணு. ஒரு 'ங்க'வுக்கு ஏமாந்து சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உனக்குப் புரிய வேண்டும். இந்தக் கோயம்புத்தூர்ச் சீமையில் 'ங்க' போடாமல் யாரும் பேச மாட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள். கடன் வாங்கி ஏமாற்றியவனைக்கூட "ஏனுங்க, எப்பங்க தருவீங்க?" என்றுதான் கேட்பார்கள். அந்த 'ங்க' நம் காலனி முனையோடு நின்றுவிடும். பள்ளிக்கூடத்துக்குள் என்னை டீச்சருங்க என்கிற அதே அம்மாக்கள், ரோட்டில் பார்த்தால், "என்ன, இன்னிக்குப் பள்ளிக்கோடம் இல்லியா?" என்று மொட்டையாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். இத்தனை வருடமாக அதற்குப் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். பழகவில்லை போலிருக்கிறது.

உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ இடுப்பில் இருந்தாய், உனக்கு நினைவிருக்காது. உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து மூவரும் நடந்து வருகிறோம். உன் அப்பா புது வேட்டி. மில்லில் போனஸ் வாங்கி எடுத்தது. மெயின் ரோட்டில் டீக்கடைக்காரர் அப்பாவைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தார். "அட அந்தோணி, இன்னிக்கு உங்க சாமி எந்திரிச்ச நாளா? நல்லாரு, நல்லாரு. வா, டீ குடிச்சுட்டுப் போ" என்றார். உன் அப்பாவுக்கு என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போவதில் ஒரு பெருமை. போனோம். டீ ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "டம்ளரு வெளிய மூங்கில்ல சொருகியிருக்குது பாரு, கழுவி எடுத்துக்க." அதே சிரிப்போடுதான் சொன்னார். அவருக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. உன் அப்பா கழுவினார், குடித்தார், திரும்பக் கழுவிச் சொருகினார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புது வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டார். பிறகு எந்தப் பண்டிகைக்கும் அவர் புதுத் துணி கட்டியதில்லை. ஏன் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய், கஞ்சத்தனம் என்று கேலியும் செய்திருக்கிறாய்.

கோயிலில் மட்டும் என்ன வாழ்ந்தது? நம்மவர்கள் பின்னால்தான் உட்காருவோம். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை, ஆனால் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால் பூசை முடியும்வரை முதுகில் கண்கள் குத்தும். அப்பா செத்தபோது கல்லறைத் தோட்டத்தில் மேட்டுப் பக்கம் இடம் கேட்டேன். மேட்டுப் பக்கம் வேறு குடும்பங்களுடையது, நமக்கு வாய்க்கால் பக்கம்தான் என்றார்கள். பங்குச் சாமியார் நல்லவர். கண் கலங்கிப்போய், "இந்தத் தடவை கொஞ்சம் பொறுத்துக்கங்க டீச்சர், அடுத்த தடவை பேசிக்கலாம்" என்றார். அடுத்த தடவை யார் சாவது, நானா என்று கேட்க வாய் வரை வந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? வாய்க்கால் பக்கமே குழி வெட்டினார்கள். மழைக்காலத்தில் அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கிறது. கிறிஸ்தவர் என்பதற்காக டீக்கடைக்காரர் நம் சாதியை மறக்கவில்லை. கல்லறையிலும் மறக்கவில்லை. தாலுகா ஆபீசில் மட்டும்தான் நாம் சாதி இல்லாத கிறிஸ்தவர்கள்.

இதைத்தானே எல்லாரும் மேடை போட்டுப் பேசினார்கள். சீக்கியர்களில் நம்மைப் போன்றவர்களுக்கு எஸ்.சி. சலுகை உண்டு, பௌத்தர்களுக்கும் கொடுத்துவிட்டார்கள், நமக்கு மட்டும் இல்லையா என்று சாமியார்கள் கேட்டார்கள். கோயிலில் கையெழுத்து வாங்கினார்கள். டெல்லியில் மசோதா வரப்போகிறது என்றார்கள். நீ தினமும் வாசகசாலைக்குப் போய் எல்லாப் பேப்பரையும் புரட்டினாய். உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே, பிறகு எதற்குச் சலுகை என்று ஒருவர் பேப்பரில் எழுதியிருந்ததை நீ எனக்குப் படித்துக் காட்டி, கையில் இருந்த தாளைக் கசக்கினாய். பிறகு தேர்தல் வந்தது. மசோதா எந்தக் குப்பையில் போனதோ தெரியவில்லை. போன வருடம் சுதந்திரப் பொன்விழா என்று பள்ளியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். அடுத்த மசோதா எப்போது வரும் என்று உடன் வேலை செய்யும் டீச்சர் ஒருவர் என்னிடம் கேட்டார். என் பேரன் தலை நரைக்கும்போது வரும் என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

மசோதா வேண்டாம் என்றவர் என்று ரங்கன் சித்தப்பா மேல் நீ கோபப்படுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அவரும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார். மசோதாப் பேச்சு நடந்த சமயத்தில், அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏனுங்க நங்கையா, உங்களுக்கு மிஷன் பள்ளிக்கூடம் இருக்குது, ஆஸ்பத்திரி இருக்குது. எங்களுக்கு இருக்கறது இந்த ஒரு பந்தி. அதுலயும் எல போடோணும்னா நாங்க எங்கீங்க போறது?" பந்தியில் சோறு குறைவாக இருந்தால், பசித்தவனுக்கும் பசித்தவனுக்கும்தான் சண்டை வரும். அப்படிப் பேசியவர்தான், நீ போய் நின்றதும் எழுதிக் கொடுத்தார். தாலுகா ஆபீஸ் கிளார்க் அவரிடம், இந்தப் பையனை உங்கள் சாதியில் மறுபடி சேர்த்துக்கொண்டீர்களா என்று கேட்டாராம். வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்: "நாங்க எப்பத் தள்ளி வெச்சம், இப்பச் சேத்தறதுக்கு? போன மாசங்கூட அவங்க ஊட்டு அரிசிம்பருப்புச் சோறு தின்னனே!" அந்த மனிதர்தான் உன்னைப் பள்ளியில் சேர்த்தபோதும் சொன்னார்: "இந்துன்னு எழுதிப்போடுங்க நங்கையா, ஞாயித்துக்கெழமை நீங்க எங்க போறீங்கன்னு ஆரு வந்து பாக்கறாங்க?" பலர் அப்படி எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார்கள், பூசைக்கும் வருகிறார்கள். கிறிஸ்தவர் என்றே எழுதச் சொன்னவள் நான். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. உள்ளதைச் சொன்னவளைத் தண்டித்து, இல்லாததைச் சொன்னவனுக்கு நாற்காலி போடுகிற சட்டத்தை எழுதியவர்கள் கேட்கட்டும்.

நீ சடங்கு செய்துகொண்ட நாளில், வர வேண்டாம் என்று என்னைத் தடுத்துவிட்டுப் போனாய். நான் வீட்டில் இருக்கவில்லை. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரம் வந்தேன். ஞானஸ்நானத்தின்போது உன்னைக் கையில் ஏந்தி நின்றவள் நான். இதற்கும் நான் இருக்க வேண்டும் என்று ஏதோ ஒரு வீம்பு. மாரியம்மன் கோயிலுக்கு அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், நான் பிடிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எந்த ஊருங்க, எந்த பஸ்ஸுங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்கு மேல் நீ வந்தாய். நெற்றி நிறைய விபூதி. திருப்பூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைக்கப் போய், பிறகு துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாய். நான் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த விபூதி உனக்கு நன்றாகத்தான் இருந்தது. உன் அப்பாவின் அப்பா மதம் மாறுவதற்கு முன் அப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். எதற்கென்று இன்னும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

அதனால் நீ மாறியதற்கு நான் தடை என்று நினைக்காதே. உனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும். கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கனவு மட்டும் வேண்டாம். அங்கேயும் உன்னைப் பார்த்ததும், இவன் எந்தப் பட்டியலில் வந்தான் என்று ஒரு கணக்கு ஓடும். வெளியே தள்ள முடியாத ஆளை எங்கே உட்கார வைப்பது என்பதில் நம் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். கக்கூஸ் பக்கத்து மேசை உனக்குத்தான் வரும். சண்டை போடாதே, ஆனால் அந்த மேசையை நீயாகப் போய்க் கேட்டு வாங்காதே. டீ வந்தால் எல்லாரும் எடுக்கிற தட்டிலிருந்து எடு. மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் என்னைப் போல உருகிவிடாதே. அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், அவர்கள் கையிலிருக்கும் பேனா எழுத வேண்டியதைத்தான் எழுதும். சர்க்காரும் இப்போதெல்லாம் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டு வருகிறது. கதவு திறக்கும் திறக்கும் என்று இரண்டு தலைமுறை வாசலில் நின்றோம், நம் முறை வரும்போது உள்ளே வீட்டையே காலி செய்துகொண்டிருக்கிறார்கள். உன் பிள்ளைக்கு இது இருக்காது. அதனால் உனக்காவது கிடைக்கட்டும் என்கிறேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். மேல்முறையீட்டில் மறு விசாரணைக்கு உத்தரவாகிவிட்டது, இந்தத் தடவை தாசில்தாரே வருவார் என்றாய். இரண்டு வழி சொன்னாய். ஒன்று, நானும் உன்னோடு மாறிவிட வேண்டும். இல்லாவிட்டால், பையன் மாரியம்மன் கோயிலுக்குத்தான் போகிறான், அவன் கூட்டிப்போனால் நானும் போகிறேன் என்று சொல்ல வேண்டும். முதலாவது முடியாது. எனக்கு நம் கோயிலில் பின்வரிசைதான், வாய்க்கால் பக்கக் குழிதான். ஆனாலும் உன் அப்பா அங்கே கிடக்கிறார், நான் வேறெங்கும் போய்க் கிடக்க மாட்டேன். இரண்டாவதை முயற்சி செய்து பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், நீ நம்ப மாட்டாய். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற குரலில்தான் வருகிறது. தாசில்தார் நல்ல மனிதராக இருந்து, ஒரு 'ங்க' போட்டுத் தண்ணீர் கேட்டுவிட்டால், மறுபடியும் உளறிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்தேன். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நீ இந்த வீட்டை விட்டு, இந்த அம்மாவை விட்டு, அறுத்துக்கொண்டு போய்விட்டாயா இல்லையா? நீ ஞாயிறுதோறும் பஸ் ஏறி இங்கே வருகிறாய். என் கையால் சாப்பிடுகிறாய். பூசைக்கு வராவிட்டாலும் கோயில் வாசல் வரை என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே புளியமரத்தடியில் நின்று, திரும்பக் கூட்டிப்போகிறாய். ஊரே பார்க்கிறது. அந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்னது ஒரு வகையில் சரிதானே. நீ ஞாயிறு தப்பாமல் கோயிலுக்கு வந்துகொண்டுதான் இருந்தாய்.

மரியாதையாகக் கேட்கிறவரிடம் எனக்குப் பொய் வராது. ஆகவே, நான் சொல்லப்போவதை நீதான் உண்மையாக்க வேண்டும். தாசில்தார் வந்து கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அவன் இங்க வாரதில்லீங்க. எங்களுக்குள்ள போக்குவரத்தே இல்லீங்க" என்று சொல்வேன். நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்த்துச் சொல்வேன், திரும்பத் திரும்பக் கேட்டாலும் அதையே சொல்வேன். கையில் வேலை உத்தரவு கிடைத்த பிறகு வரலாம் என்றும் நினைக்காதே. யாராவது மொட்டைக் கடிதாசி போட்டால், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கி வேலையையும் பிடுங்கிவிடுவார்களாம். ரங்கன் சித்தப்பா விசாரித்துச் சொன்னார். உன் கல்யாணத்துக்கு அவரும் சித்தியும் நின்று செய்வார்கள், நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று ஆள் வந்து சொன்னாலும், மண் போட இங்கே நாலு பேர் இருக்கிறார்கள். நீ அந்தப் பக்கம் வரக்கூடாது.

உன் துணிமணிகளையும் சான்றிதழ்களையும் ரங்கன் சித்தப்பா கொண்டுவந்து தருவார். இந்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருந்தாய். வராதே, கண்ணு.

அம்மா